சம்பந்தியம்மா மோந்து பார்த்த ரூம்

எங்க ஊர்ல குழாய்த் தண்ணி எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. திண்டுக்கல்லுக்காரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்ல, வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். விடியக்காலையில வரும், உச்சி வெயில்ல வரும், நாம தலைக்கு எண்ணெ தேச்சு ஒக்காந்திருக்கும்போது வரும். அதனால ஊருக்கே ஒரு பழக்கம். குழாயை மூடவே மாட்டோம். திறந்தபடியே கெடக்கும். குழாய்க்குள்ள காத்து புஸ்ஸுன்னு கெளம்புனாலே காது தானா அந்தப் பக்கம் திரும்பிரும். பேசிக்கிட்டிருக்கிற பேச்சைப் பாதியில விட்டுட்டுக் குடத்தோட ஓடுவோம்.

எங்க வீட்டுல அதுக்கும் ஒரு படி மேல. வாசக் குழாயில ஒரு பச்சை டியூப்பை மாட்டி, ஹாலு வழியா இழுத்துக் கடைசி ரூம்ல இருக்கிற நீல டிரம்முக்குள்ள விட்டு வச்சிருப்போம். நாங்க இருந்தாலும் இல்லாட்டியும், வந்த தண்ணி வீணாகாம டிரம்முல விழுந்துரணும். நல்ல ஏற்பாடுதான். வழக்கமா வர்ற தண்ணிக்கு டிரம்மு பாதி ரொம்பறதே பெரிசு. அது வழியுங்கிற யோசனையே எங்களுக்கு வந்ததில்ல.

அந்தக் கடைசி ரூம்தான் வீட்டுலயே பள்ளம். ஹாலுக்கு டைல்ஸ் போட்டு ஒசத்துனப்ப அந்த ரூமைப் பெறகு பாத்துக்கலாம்னு விட்டுட்டோம். அதனால உள்ள போகணும்னா எறங்கித்தான் போகணும். எம்மக வளந்தது, படிச்சது, கோவிச்சுக்கிட்டுக் கதவைச் சாத்துனது எல்லாம் அந்த ரூம்லதான். அவ கல்யாணமாகி ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு வெங்காய வெவசாயி வீட்டுக்குப் போன பெறகு, ரூம் பாதி தண்ணி டிரம்மு பாதின்னு ஆயிருச்சு.

ஆவணி மாசம். எங்க வீட்டுக்காரரோட அக்கா மகளுக்கு அய்யலூர்ல கல்யாணம். மொத நாளே போயி, மறுவீட்டு விருந்தும் சாப்பிட்டுட்டுத்தான் கெளம்புனோம். எம்மக அப்பத்தான் முழுகாம இருக்கிறதா சேதி சொல்லியிருந்தா. நான் போற எடமெல்லாம் அதையே பேசிக்கிட்டு, காலு தரையில படாமத் திரிஞ்சேன்.

அந்த நேரம் பாத்துத்தான் எங்க தெருவுக்குத் தண்ணி வந்துச்சு. எங்கயோ அடைப்பை எடுத்துவிட்டாங்களாம். வந்த தண்ணி நிக்கவே இல்லையாம். தெருவே கொண்டாடியிருக்கு. எங்க வீட்டுக் கதவுக்கடியில இருந்து தண்ணி வாசலுக்கு வழிஞ்சதைப் பக்கத்து வீட்டு அக்கா கண்ணால பாத்திருக்காக. பாத்துட்டு என்ன செஞ்சாக தெரியுமா? “வெள்ளிக்கிழமையாச்சே, வீடு கழுவி விடுறீகன்னுல்ல நெனச்சேன்”னாக. வீடு பூட்டிக் கெடக்கு, நாங்க அய்யலூர்ல பந்தியில ஒக்காந்திருக்கோம், எங்க வீட்டை யாரு கழுவுவாக? அவுகளைக் கோவிச்சு என்ன பண்றது, நல்ல மனுசி, நல்லதாத்தான் நெனச்சிருக்காக.

கதவைத் திறந்ததும் ஒரு குளிர்ச்சி மூஞ்சியில அடிச்சுச்சு. ஹாலு தண்ணி வடிஞ்சு சேறா இருந்துச்சு. பள்ளத்து ரூம்ல கட்டில் காலு முங்கி நிக்குது. என் பழைய தையல் துணி மூட்டைக மெதக்குது. டிரம்மு மட்டும் ஒண்ணும் தெரியாத மாதிரி ததும்பிக்கிட்டு நிக்குது. குழாயைத் திறந்து வச்சது அவரு. டியூப்பை டிரம்முல விட்டது நானு. அதனால சண்டை ரெண்டு பக்கமும் சரிசமமா நடந்துச்சு.

தண்ணியை எறைச்சு ஊத்துனோம். பஞ்சு மெத்தையை மாடிக்குத் தூக்க முடியாமத் தூக்கிப் போயி வெயில்ல போட்டோம். தரையை டெட்டால் ஊத்திக் கழுவுனேன். கழுவிட்டு, நாத்தம் வெளிய போகக்கூடாதுன்னு கதவு சன்னலைச் சாத்திச் சாம்பிராணி போட்டேன். பத்தியும் ஏத்துனேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் அதையே செஞ்சேன். அதுக்கடுத்த வெள்ளியும். வீட்டுல தண்ணி புகுந்துச்சுன்னா அதை விரட்டுறதுக்கு இன்னும் தண்ணி ஊத்திக் கழுவுற புத்தி நமக்குத்தான் இருக்கும்!

புரட்டாசியில செவத்துல ஓதம் ஏறுச்சு. கீழ இருந்து மேல, பழுப்பா ஒரு கோடு. எங்க வீட்டுக்காரரு அதைப் பாத்துட்டு, “இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க? ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சா பேயே ஓடிப்போயிரும்”னாரு. அவரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில வேல பாக்கிறவரு. அவருக்கு எதுவா இருந்தாலும் புதுசா ஒண்ணு மாட்டிட்டாத் தீந்துச்சு. நல்ல வழவழன்னு ஒரு ரோஸ் கலரு வாங்கியாந்து அவரே நின்னு அடிச்சாரு. ரூம் பளபளன்னு ஆயிருச்சு. ரெண்டு பேரும் வாசல்ல நின்னு ரசிச்சோம். போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினோம்.

ஐப்பசி மழை ஆரம்பிச்சதும் அந்த ரோஸ் செவரு அப்பளமாப் பொரிஞ்சுச்சு. பொரிஞ்ச எடத்தத் தொட்டா உள்ள தண்ணி. ஓரத்துல கறுப்புக் கறுப்பாப் பூசணம். அந்த சமயம் பாத்துத்தான் எங்க சம்பந்தியம்மா வந்தாங்க.

எம்மகளை ஸ்கேனுக்குக் கூட்டிக்கிட்டு திண்டுக்கல் வந்தவங்க, அப்படியே எங்க வீட்டுக்கும் வந்தாங்க. பிரசவத்துக்கு மக வந்து படுக்கப் போற ரூமைப் பாக்கணும்னாங்க. நான் ஹாலுலயே ஒக்கார வச்சுக் காப்பி குடுத்து அனுப்பிரலாம்னுதான் பாத்தேன். நடக்குமா? நேரா ரூம் வாசல்ல போயி நின்னாங்க. உள்ள எறங்கல. மூக்கை மட்டும் லேசாத் தூக்கி ஒரு இழுப்பு இழுத்தாங்க. அம்புட்டுத்தான்.

“ஏனுங்க சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க”ன்னு மெதுவாத்தான் ஆரம்பிச்சாங்க. “அழுகுன வெங்காயத்த வெச்ச பட்டறையில கூட இந்த வாடை வராதுங்க. புள்ளைக்குச் சின்னதுல இருந்தே இளைப்பு இருக்குதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. பச்சக் கொழந்தையோட இதுக்குள்ள படுக்க வெக்கறதுக்கு நான் அனுப்ப மாட்டனுங்க. தை மாசம் கட்டுச்சோறு கட்டிக்கிட்டு வருவீங்கல்லங்க, அதுக்குள்ள இது காஞ்சிருந்தாக் கூட்டிக்கிட்டுப் போங்க. இல்லீன்னா வந்து சாப்புட்டுப் புள்ளையப் பாத்துட்டுப் போங்க, பிரசவத்த எங்க ஊர்லயே வெச்சுக்கலாமுங்க.”

அவங்க பக்கம் ஏழாம் மாசம் தாய் வீட்டுக்காரங்க வகைவகையாச் சோறு கட்டிக் கொண்டுபோயி விருந்து வச்சுப் பொண்ணைக் கூட்டியாரணும். சோத்தை எறக்கி வச்சுட்டு, பொண்ணை அங்கயே விட்டுட்டு வெறுங்கூடையோட திரும்பி வர்றதை நெனச்சுப் பாத்தேன். ஊரு என்ன சொல்லும்கிறது கெடக்கட்டும், ஊருக்கு வேற வேல இல்ல. என் பிள்ள வலியில கத்தும்போது நான் பக்கத்துல இருக்கணும். பொறக்கிற பிள்ளைக்கு மொதத் தண்ணி நான் ஊத்தணும். அவங்க சொன்னதுல ஒரு வார்த்தைகூடத் தப்பில்லைங்கறதுதான் எனக்கு இன்னும் எரிச்சலா இருந்துச்சு. எம்மக போகும்போது என் கையப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்திட்டுப் போனா.

அவங்க காரு தெரு முக்கு திரும்புற வரைக்கும் சிரிச்ச மூஞ்சியா நின்னேன். பெறகு பாத்ரூம்ல போயி நல்லா அழுதேன். அழுது முடிச்சதும் கோவம் வந்துச்சு. எனக்குக் கோவம் வந்தா வேல நடக்கும். முந்தானையத் தூக்கிச் சொருகிக்கிட்டு வந்து, “என்னங்க, இந்த ரூம்ல இருக்கிற அம்புட்டையும் வெளிய தூக்கணும், வாங்க”ன்னேன்.

மொதல்ல மெத்தை. வெயில்ல காய வச்சுத் திரும்பப் போட்டிருந்தோம். மேல தொட்டாக் காஞ்சிருக்கு, நடுவுல விரலை விட்டாச் சில்லுன்னு இருக்கு. “அது எங்க அம்மா எலவம்பஞ்சு போட்டுத் தச்சது”ன்னாரு. “அதுக்குள்ள இப்ப வேற ஆளு குடியிருக்கு”ன்னேன். தூக்கிப் போட்டாச்சு. துணி மூட்டையில பொறுக்குனது போக மிச்சமும் போச்சு. பெயிண்டைச் சொரண்டுனோம். பூசணத்தை நான் வெளக்கமாத்தால தட்டுனேன் பாருங்க, அங்கதான் தப்புப் பண்ணிட்டேன். பொடி பறந்து மூக்கு, தொண்டை எல்லாம் ஏறி, இருமி இருமி விலாவே வலிச்சுச்சு. பெறகுதான் மூக்குக்கு மாஸ்க்கைக் கட்டிக்கிட்டு, சோப்புத் தண்ணியில துணிய நனைச்சு நல்லாப் பிழிஞ்சு ஒத்தி ஒத்தி எடுத்தேன். தொடச்ச துணியை அலசித் திரும்ப வைக்கிற வேலையே இல்ல, நேரா குப்பைக்கு.

ஒரு சனிக்கிழமை அந்தப் பழுப்புக் கோட்டைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன், முந்தின நாள் இருந்ததை விட ஒசந்திருக்கு. மழையும் இல்ல. எங்கிருந்துடா வருதுன்னு மண்டை காஞ்சுச்சு. தரையப் பாத்தேன், ஓரமெல்லாம் ஈரம். முந்தின நாள் வெள்ளிக்கிழமை. நாந்தான் குடங்குடமா ஊத்திக் கழுவியிருக்கேன்! அடக் கிறுக்கச்சி, நோயும் நீதான் மருந்தும் நீதானான்னு என்னையே திட்டிக்கிட்டேன். அன்னைக்கு விட்டதுதான் அந்த ரூமைக் கழுவுறது. பிழிஞ்ச துணியால ஒரு துடைப்பு, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அக்கா, “என்னடி, வெள்ளியும் அதுவுமா வீடு கழுவலையா?”ன்னு மொகத்தைச் சுளிச்சாக. “நான் கழுவாமலே எங்க வீட்டுக்குத் தண்ணி வந்துச்சேக்கா, ஒங்களுக்குத் தெரியாதா?”ன்னேன். அதுக்கப்புறம் அவுக அதைப் பத்திக் கேக்கவே இல்ல.

அடுத்தது காத்து. ரூம்ல ஃபேனைப் போட்டு, மழைச்சாரல் வரும்னு எப்பவும் சன்னலைச் சாத்தியே வச்சிருந்தோம். ஒரு மத்தியானம் உள்ள போனா, சன்னல் கண்ணாடியில உள்பக்கமா முத்து முத்தா வேர்த்திருக்கு. அட! செவத்துல இருந்த தண்ணி கெளம்பிக் காத்துக்கு வந்துருச்சு, ஆனா வெளிய போறதுக்கு வழியில்லாமக் கண்ணாடியில ஒக்காந்திருக்கு. பூட்டுன வீட்டுக்குள்ள ஃபேன் சுத்தி என்ன பிரயோசனம், அதே ஈரம் அதே ரூமைச் சுத்தி வருது. மழை பெய்யும்போது சாத்தணும், வெயில் அடிச்சா எல்லாத்தையும் திறந்து போடணும். அதோட, ஃபேன் ரூமைப் பாத்து ஊதக்கூடாது, சன்னலைப் பாத்து ஊதி ஈரத்தை வெளிய தள்ளணும். இதைக் கண்டுபிடிச்சதும் எனக்குத் தலைகால் புரியல.

எங்க வீட்டு ஃபேனு அதுக்குப் பத்தல. பந்தல் போடுறவரு ஒருத்தரு எங்களுக்குத் தெரிஞ்சவரு. கல்யாண மண்டபத்துல பந்தி நடக்கிற எடத்துல வைப்பாங்களே, ஆளுயரத்துக்கு, போட்டா எலையெல்லாம் பறக்குமே, அந்த ஃபேனை வாடகைக்குக் கேட்டேன். “காத்துக்கு வாடகையா?”ன்னாரு எங்க வீட்டுக்காரரு. “பேத்தி வேணுமா வேணாமா?”ன்னேன். அன்னைக்கே போயித் தள்ளிக்கிட்டு வந்தாரு. அது சத்தம் போட்ட போடுல தெருவுல பாதிப் பேரு எங்க வீட்டுல விசேசம்னு எட்டிப் பாத்தாக. விசேசந்தான், வாங்கன்னேன்.

இவ்வளவும் செஞ்சோம். கார்த்திகை பாதி வந்துருச்சு. செவரு காஞ்சுக்கிட்டுத்தான் வருது. ஆனா வாடை மட்டும் போக மாட்டேங்குது. காலையில கதவைத் திறந்த உடனே அந்த நாத்தம் வந்து மூக்குல நிக்கும். நாய் மாதிரி நாலு மூலையும் மோந்து பாத்தேன். கடைசியில மூக்கு கொண்டுபோயி நிறுத்துன எடம் அலமாரி.

அது செவத்தோட சேத்து அடிச்ச பிளைவுட் அலமாரி. மக பத்தாவதுல நல்லா மார்க் எடுத்ததுக்காக அவ அப்பா ஆசை ஆசையாச் செஞ்சு குடுத்தது. ஆசாரிகூடவே நின்னு, கைப்பிடிகூட மதுரை வரைக்கும் போயி வாங்கியாந்தாரு. கதவு உள்பக்கம் பூராம் அவ ஒட்டி வச்ச ஸ்டிக்கரு. வெளிய பாத்தா ஒரு கீறல் கெடையாது. நான் அதை ஒடைக்கணும்னு சொன்னதும் மனுசன் கொதிச்சுப் போயிட்டாரு. “ஒனக்கு ஒடைக்கிறதே பொழப்பாப் போச்சு. மெத்தை போச்சு, பெயிண்ட் போச்சு, இப்ப இதுவா? நல்லா இருக்கிறதை எதுக்குடி ஒடைப்பாங்க? நான் இருக்கிற வரைக்கும் அதுமேல கை வைக்கக் கூடாது”ன்னு சொல்லிட்டு ஹாலுல போயி ஒக்காந்துக்கிட்டாரு. வாழ்க்கையில அவரு அப்படிப் பேசி நான் கேட்டதில்ல. அவரு காப்பாத்தப் பாக்கிறது பலகையை இல்லைன்னு எனக்குத் தெரியும்.

நான் மகளுக்குப் போனைப் போட்டு ஸ்பீக்கர்ல வச்சேன். அலமாரி சங்கதியச் சொன்னேன். “அம்மா, அலமாரிய என்னவும் பண்ணுங்க. நான் அங்க வந்து படுக்கணும்மா. இங்க எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க, ஒரு கொறையும் இல்ல. ஆனா ராத்திரி மூச்சு முட்டுச்சுன்னா யாரை எழுப்புறதுன்னு யோசிச்சுக்கிட்டே படுத்திருக்கேன்மா. நம்ம வீடுன்னா அப்பான்னு ஒரு சத்தம் போட்டாப் போதும்”னா.

அவரு எந்திரிச்சுக் கொல்லைப் பக்கம் போனாரு. கோவத்துல போறாருன்னு நெனச்சேன். திரும்பி வரும்போது கையில கடப்பாரை. என்னைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு அவரே நெம்புனாரு. கதவு ரெண்டையும் முதல்ல பத்திரமாக் கழட்டி வச்சுட்டு, பின்பலகையில கடப்பாரையக் குடுத்து ஒரு நெம்பு. பலகை ஊறுன ரொட்டியாட்டம் பிஞ்சு வந்துச்சு. பின்பக்கம் பூராம் கறுப்பும் பச்சையுமாப் பூசணம், மயிரு மயிரா மொளைச்சு நிக்குது. செவத்துல ஒரு ஆள் ஒசரத்துக்கு அதே கதி. இம்புட்டையும் முதுகுல வச்சுக்கிட்டுத்தான் அது வெளிய அம்புட்டு அழகா நின்னிருக்கு. எங்க வீட்டுக்காரரு அதையே பாத்துக்கிட்டு நின்னுட்டு, “இதுக்குப் பக்கத்துலயா பிள்ளையப் போட இருந்தோம்?”னு கேட்டாரு.

அன்னைக்குத்தான் சண்டை ஓஞ்சு நாங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம் வந்தோம். ஓதம் ஏறுன ஒசரத்துக்குச் செவத்துப் பூச்சு அத்தனையையும் ஆளை வச்சுக் கொத்தி எடுத்தோம். செங்கல்லு தெரிய ரூம் அம்மணமா நின்னுச்சு. உடனே பூசிரலாம்னு எல்லாரும் சொன்னாக. நான் விடல. ஒரு தடவை ரோஸ் கலரைப் பாத்து ஏமாந்தது போதும். காயட்டும், காயுற வரைக்கும் காயட்டும்னு பிடிவாதமா இருந்துட்டேன்.

காஞ்சுருச்சான்னு எப்படித் தெரியும்? மழை நாள்ல அடுப்படியில கல்லுப்பு நீர் விடுமே, அதைப் பாத்துத்தான் எனக்கு யோசனை வந்துச்சு. ஒரு கொட்டாங்குச்சியில கல்லுப்பைப் போட்டு ரூம் மூலையில வச்சேன். இன்னொண்ணை அடுப்படியில வச்சேன். காலையில எந்திரிச்சதும் பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி ரெண்டையும் போயிப் பாக்கிறதுதான் எங்க வேல. ஆரம்பத்துல அடுப்படி உப்பு காஞ்சு கெடக்கும், ரூம் உப்பு தண்ணியில மெதக்கும். பெறகு ஈரமா மட்டும் இருந்துச்சு. மார்கழி வந்து பனியோட வெயிலும் அடிக்க ஆரம்பிச்சுச்சு. ஒரு நாள் காலையில அவரு ரூமுக்குள்ள இருந்து, “இந்தா, இங்க வா, இங்க வா!”ன்னு கூப்பாடு போட்டாரு. ஓடுனேன். கொட்டாங்குச்சியக் காதுகிட்ட வச்சுக் குலுக்குறாரு. கலகலன்னு சத்தம். அடுப்படி உப்பைக் கொண்டாந்து குலுக்குனேன். அதே சத்தம். ரெண்டு பேரும் ஆளுக்கொரு கொட்டாங்குச்சியோட நின்னு சிரிக்கிறோம், கண்ணுல தண்ணி வருது. யாராவது பாத்திருந்தா இதுகளுக்குக் கழண்டுருச்சுன்னுதான் நெனச்சிருப்பாக.

அதுக்கப்புறந்தான் பூசுனோம். பூச்சு காஞ்ச பெறகு செவரு மூச்சு விடட்டும்னு வெறும் சுண்ணாம்புதான் அடிச்சோம். வழவழப்பு வேணாம், ரோஸும் வேணாம். கட்டிலை, சாமான்களைச் செவத்தை விட்டுத் தள்ளிப் போட்டோம். டிரம்மை வாசலுக்கு மாத்தியாச்சு. அந்தப் பச்சை டியூப்பை அவரே துண்டு துண்டா வெட்டிக் கட்டில் காலுக்கு மாட்டிவிட்டாரு.

பொங்கலுக்கு முன்னாடி ஒரு நாள், சொல்லாம கொள்ளாம வந்து எறங்குனாங்க சம்பந்தியம்மா. அன்னைக்குன்னு பாத்து காலையில இருந்தே தூறல். “மழை நாள்ல பாத்தாத்தானுங்க செவத்தோட கொணம் தெரியும்”னு சிரிச்சாங்க. வேணும்னே அந்த நாளைப் பாத்து வந்திருக்காங்க! வாசல்ல நின்னாங்க. மூக்கைத் தூக்கி ஒரு இழுப்பு. உள்ள எறங்குனாங்க. அலமாரி இருந்த மூலைக்குப் போயி உள்ளங்கைய வச்சு அழுத்திப் பாத்தாங்க. கன்னத்தை வச்சுப் பாத்தாங்க. குனிஞ்சு தரை ஓரத்தை மோந்து பாத்தாங்க. அப்புறம் திரும்பி, “சம்பந்தி, ஒரு பாயி இருந்தாக் குடுங்க. பஸ்ஸுல வந்தது ஒடம்பு அலுப்பா இருக்குதுங்க, சித்த நேரம் சாயறனுங்க”ன்னாங்க.

பாயை அந்த மூலையிலயே போடச் சொன்னாங்க. சன்னலைச் சாத்தச் சொன்னாங்க. கதவையும் சாத்தியாச்சு. நானும் அவரும் ஹாலுல ஒக்காந்திருக்கோம். டிவியப் போடல, பேசல. “இருமுறாகளா?”ன்னு அவரு சைகையில கேக்குறாரு. கதவுல காதை வச்சேன். மொதல்ல ஒண்ணும் கேக்கல. அப்புறம் மெல்ல ஒரு சத்தம். கொறட்டை! சின்னதா ஆரம்பிச்சுச்சு, பெறகு ரைஸ் மில்லு ஓடுற மாதிரி ஏறுச்சு. நான் கேட்டதுலயே இனிமையான சத்தம் அதுதான். அவரு துண்டை வாயில பொத்திக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாரு.

சாயங்காலம் காப்பி நேரம் வரைக்கும் தூங்குனாங்க. எந்திரிச்சு வந்து டம்ளரைக் கையில வாங்கிக்கிட்டு, “நான் கல்யாணமாகி வந்த புதுசுல வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்துல ஒரு ஓத ரூம்லதானுங்க இருந்தோம். ஒங்க மாப்பிள்ளை அங்கதான் பொறந்தான். கொழந்தையில அவன் மூச்சுக்குத் தவிச்ச தவிப்பு இருக்குதுங்களே, படுக்க வெக்க முடியாம மழைக்காலம் பூராத் தோள்ல போட்டுக்கிட்டே ஒக்காந்திருப்பனுங்க. அந்த வாடைய எங்க மோந்தாலும் எனக்குக் கை காலு ஆடிப் போயிருதுங்க. அதனாலதான் அன்னைக்கு வெடுக்குனு பேசிப் போட்டனுங்க”ன்னாங்க. நான் இம்புட்டு நாளும் மனசுக்குள்ள அவங்களோட போட்ட சண்டையெல்லாம் அந்த நிமிசமே கரைஞ்சு போச்சு. படியெறங்கும்போது திரும்பிப் பாத்து, “கட்டுச்சோத்துக்குப் புளிச்சோறு கொஞ்சம் சேத்திக் கட்டியாங்க சம்பந்தி. எங்க பக்கம் கூட்டம் சாஸ்திங்க”ன்னாங்க. அம்புட்டுத்தான் சொன்னாங்க. எனக்கு அதுவே போதும்.

தையில கட்டுச்சோறு கட்டிக்கிட்டுப் போனோம். புளிச்சோறு, தேங்காச் சோறு, எலுமிச்சஞ்சோறு, தயிர்ச்சோறுன்னு கூடை கூடையா எறக்குனோம். திரும்பி வரும்போது எம்மக எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒக்காந்து வந்தா. வீட்டுக்கு வந்ததும் நேரா அந்த ரூமுக்குள்ள எறங்குனா. ஸ்டிக்கரு ஒட்டுன பழைய கதவுல ஒண்ணை அவ அப்பா தொடச்சுக் காய வச்சுச் செவத்துல மாட்டி வச்சிருந்தாரு, அதைத் தடவிப் பாத்தா. பெறகு நல்லா மூச்சை இழுத்துட்டு, “அம்மா, ஒரு வாசமும் இல்லையேம்மா”ன்னா. கேட்டுக்கோங்க, எத்தனை மாசப் பாட்டுக்குக் கெடைச்ச பாராட்டு அது! பங்குனியில பேத்தி பொறந்தா. மொதத் தண்ணி நாந்தான் ஊத்துனேன். அதுவும் வாசக் குழாயில வந்த தண்ணி, வந்ததும் பிடிச்சுட்டுக் கையோட குழாயை மூடிட்டு வந்து ஊத்துனது.

அஞ்சாம் மாசம் பேத்தியைக் கொண்டுபோயி விடணும்னு சாமானெல்லாம் கட்டிக்கிட்டிருக்கேன், சம்பந்தியம்மா போன் பண்ணுனாங்க. கொரலே ஒரு மாதிரி இருந்துச்சு. அவங்க வீட்டு மேல்தொட்டி விரிஞ்சு, தண்ணி செவத்துக்குள்ளயே எறங்கியிருக்கு. எம்மக ரூமு அதுக்கு நேர் கீழ. “ஏனுங்க சம்பந்தி, புள்ளையும் கொழந்தையும் இன்னுங் கொஞ்ச நாளைக்கு அங்கயே இருக்கட்டுமுங்க. இங்க பெயிண்ட் அடிச்சாச் சரியாப் போயிருமுன்னு சொல்றாங்க, எனக்கு நம்பிக்கை இல்லீங்க. நீங்க ஒரு எட்டு வந்து மோந்து பாத்துட்டுப் போங்களேன்”னாங்க.

மறுநா காலையிலயே பஸ் ஏறிட்டேன். கையில ஒரு பைதான். உள்ள மாஸ்க்கு, பழைய துணி, ஒரு கொட்டாங்குச்சி, கொஞ்சம் கல்லுப்பு. அவங்க வீட்டாளுங்க அத்தனை பேரும் எனக்குப் பின்னாடியே ரூம் வரைக்கும் வந்தாங்க. நான் வாசல்லயே நின்னேன். உள்ள எறங்கல. மூக்கை லேசாத் தூக்கி ஒரு இழுப்பு இழுத்தேன். சம்பந்தியம்மா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு, கையப் பெசஞ்சுக்கிட்டு நிக்கிறாங்க. எதிர்ச் செவத்துல சன்மைக்கா மின்ன, ஒரு கீறல் இல்லாம ஒரு அலமாரி நின்னுச்சு.

“சம்பந்தி, ஒரு கடப்பாரை கொண்டாரச் சொல்லுங்க”ன்னேன்.